ஹாலில் நின்ற வண்டி

சோபா மாடி வீட்டுப் பல் டாக்டரிடம் குடிபோயிருந்தது. டி.வி. மேஜை படுக்கையறைக் கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. காலியான ஹாலின் நடுவில் முட்டி போட்டுக்கொண்டு, உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, மாஸ்டர் தரையில் வண்டி வரைந்துகொண்டிருந்தாள்.

அவள் ரெடிமேட் துணி ஃபேக்டரியில் கட்டிங் மாஸ்டர். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டு, சொந்தப் பெயர் இப்போது பாஸ்போர்ட்டில் மட்டும்தான் இருக்கிறது. கட்டின புருஷனே 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார். அவருக்கு ரொட்டி ஃபேக்டரியில் வேலை. தெருவுக்கே அவர் ரொட்டிக்காரர். இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேருமே திரும்பிப் பார்ப்பார்களா என்பது சந்தேகம்.

ஃபேக்டரியில் மாஸ்டருக்கு ஒரே ஒரு சட்டம்தான். சாம்பிள் தைத்துப் பார்க்காமல் துணியில் கத்திரி வைக்கக் கூடாது. முதலாளியே வந்து நின்று அவசரம், அவசரம் என்று குதித்தாலும் சரி, அவள் அசைய மாட்டாள். அதனால், பதினெட்டு நாள், முன்பின் பார்க்காத நாட்டில், முன்பின் ஏறாத, கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற மோட்டார்ஹோம் வண்டியில் புருஷனோடு குடித்தனம் நடத்த வேண்டும் என்ற பேச்சு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சாம்பிள் எங்கே?"

வண்டியை வாடகைக்கு விடுகிற ஏஜென்சியில் சாம்பிள் கிடையாது. ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதில் வண்டிக்குள் ஒரு ஜோடி முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு காபி குடித்தது. அந்தச் சிரிப்பை மாஸ்டர் நம்பவில்லை. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்த அளவுகளை நம்பினாள். நீளம் இருபது அடி, அகலம் ஏழு அடி, சமையல் மேடை இவ்வளவு, குளியலறை இவ்வளவு, நடுவில் நடக்கிற வழி இரண்டு அடி. போதாதா? வண்டியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தாள். ஞாயிறு காலையிலிருந்து திங்கள் மதியம் வரை இரண்டு பேரும் அந்தக் கோட்டுக்குள்ளேயே வாழ்ந்து பார்ப்பது. சரிப்பட்டால் போவது, இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவது. திங்கள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஏஜென்சிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சரி என்று சொன்ன பிறகு பின்வாங்க முடியாது.

இந்தப் பயணம் ரொட்டிக்காரரின் ஆசை. வசந்த காலத்தில் அவர் ஃபேக்டரியில் பழைய அடுப்புகளை எடுத்துவிட்டுப் புது அடுப்பு வைக்கிறார்கள். ஒரு மாதம் மூடல். செய்தி தெரிந்த அன்றைக்கே மனுஷன் மேப் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பனி உருகி அருவி கொட்டுகிற மலைப்பாதை, ஆப்பிள் மரம் பூத்து நிற்கிற ஊர்கள், நடுவில் ஏரிகள். எல்லாவற்றையும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார். அங்கே வண்டிகள் ரோட்டின் எதிர்ப்பக்கம் ஓடும் என்பதற்காக, ஒரு வாரமாக நடைபாதையில் கூட எதிர்ப்பக்கமாக நடந்து, வருகிறவர் போகிறவர் மேல் எல்லாம் இடித்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டருக்கு அருவியும் ஏரியும் பிடிக்காமல் இல்லை. அவள் பயம் வேறு. அதை மகளிடம் கூடச் சொல்லவில்லை.

அவர் ஷிஃப்ட் விடிவதற்கு முன் இரண்டுக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடியும். அவளுடையது மதியம் ஒன்றிலிருந்து இரவு ஒன்பது. அவர் பதினொன்றரைக்கு வீட்டுக்குள் நுழைவார், அவள் பன்னிரண்டேகாலுக்குக் கிளம்புவாள். நடுவில் இருக்கிற முக்கால் மணி நேரம்தான் தாம்பத்தியம். அவருக்கு லீவு செவ்வாய், அவளுக்கு ஞாயிறு. அவள் வேலை முடிந்து வரும்போது அவர் குறட்டையின் இரண்டாம் பாகத்தில் இருப்பார். இப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடிப்போயிற்று.

குடும்பம் நடந்ததெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில். மகள் சின்ன வயதில் வாங்கிய பொன்வண்டு காந்தம் ஒன்று, அதன் அடியில் துண்டுச் சீட்டு. 'மாஸ்டர், குழாய் சொட்டுது. வாளி வெச்சிருக்கேன். தடுக்கி விழாதே, வாளி புதுசு' என்று அவர் எழுதுவார். 'வாளிக்கு ஒண்ணும் ஆகல. முட்டிக்குத்தான்' என்று அவள் எழுதி வைத்துவிட்டுப் போவாள். மகள் கல்யாணத்தை முடிவு செய்ததே அந்தக் கதவில்தான். 'பையன் நல்லவனாத் தெரியறான். நீ என்ன சொல்றே?' 'எனக்கும் சரி. காது மட்டும் கொஞ்சம் பெரிசு.' 'எனக்கும்தான் பெரிசு. நீ ஒத்துக்கலையா?' அந்தச் சீட்டைப் படித்துவிட்டு மாஸ்டர் தனியாக நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

காகிதத்தில் இவ்வளவு குறும்பு பண்ணுகிற மனுஷன் நேரில் வந்தால் உப்புச் சப்பில்லாமல் "சாப்பிட்டியா?" என்பார். அவளும் "ம், வரட்டுமா?" என்பாள். இப்போது பதினெட்டு நாளும், நாள் முழுக்க, முகத்துக்கு முகம். பேச்சு தீர்ந்துபோனால்? ஒருத்தருக்கு ஒருத்தர் பிடிக்காமல் போனால்? திரும்பி வந்த பிறகு அந்த ஃபிரிட்ஜ் கதவில் எதை எழுதுவது? தன்னிடம் இருக்கிற ஒரே நல்ல சட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பார்க்கப் பயப்படுகிறவள் மாதிரி அவள் பயந்தாள்.

ரொட்டிக்காரர் தன்னோடு வேலை செய்கிறவரிடம் இரண்டு நாள் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அவளும் திங்களுக்கு லீவு சொல்லியிருந்தாள். மாஸ்டர் கட்டில், சமையல் மேடை, குளியலறை, மேஜை ஒவ்வொன்றையும் முழு அளவில் பேப்பரில் வெட்டி, கோட்டுக்குள் பரப்பி டேப் ஒட்டினாள். பேப்பர் ஃபிரிட்ஜை மட்டும் ஒரு நாற்காலியின் முதுகில் குத்தி நிற்க வைத்தாள். டிரைவர் சீட்டுக்கு ஹாலில் இடம் போதாமல், வண்டியின் மூக்கு வாசல்கதவுப் பக்கம் நீட்டிக்கொண்டு போய்விட்டது.

"கேட்டுக்குங்க. கோடுன்னா சுவர். போக வர இந்த ஒரு கதவுதான். குளிக்கணும், பாத்ரூம் போகணும்னா கதவு வழியா இறங்கி நம்ம பாத்ரூமுக்குப் போகலாம்."

"சமைக்கிறது?"

"பேப்பர் மேல கரண்ட் அடுப்பு வெச்சிருக்கேன். ரெண்டே ரெண்டு பாத்திரம்."

"ஏமாத்துனா?"

"யார் ஏமாத்தப் போறா? நீங்கதான்."

ரொட்டிக்காரர் செருப்பைக் கழற்றி, கதவு இருந்த இடத்தில் பயபக்தியோடு குனிந்து உள்ளே போனார். கதவு உயரம் குறைவு என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். இந்த மாதிரி விஷயத்தில் அவர் எப்போதுமே கெட்டிக்காரர்.

முதல் சோதனை நடக்கிற வழியில் வந்தது. ரொட்டிக்காரர் வயிறு, இத்தனை வருஷம் சூடான ரொட்டியைச் சரியாக வெந்ததா என்று தின்று பார்த்து வளர்ந்த வயிறு. சமையல் மேடைக்கும் குளியலறைக்கும் நடுவில் அவர் நேராக நடந்தால் ஒரு பக்கம் பேப்பரை மிதிக்க வேண்டியிருந்தது. பக்கவாட்டில் நடந்தால் முன்னாலும் பின்னாலும் மிதித்தார். அவள் எதிரே வந்துவிட்டால் தொலைந்தது. யாராவது ஒருத்தர் கட்டில் வரைக்கும் பின்னால் போய் வழி விட வேண்டும்.

"புத்தகத்துல இருக்கிறவங்க எப்படி இப்படிச் சிரிக்கிறாங்க?" என்றார் அவர், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

"ரெண்டு பேரும் உட்கார்ந்தே இருக்காங்க, கவனிச்சீங்களா? ஒருத்தரும் நடக்கல."

பதினொன்றரைக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். பேச்சு நன்றாகவே போயிற்று. மருமகனின் புது வேலை, அவர் ஃபேக்டரிப் புது அடுப்பு, அவள் செக்‌ஷனில் பட்டன் வைக்கிறவளுக்கும் காஜா போடுகிறவளுக்கும் நடந்த சண்டை. பன்னிரண்டேகால் ஆயிற்று. பேச்சு டக்கென்று நின்றது. மாஸ்டர் தன்னை அறியாமல் எழுந்து நின்று ஹேண்ட்பேகைத் தேடினாள். அவர் தன்னை அறியாமல் "பாத்துப் போ" என்றார்.

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவள் மறுபடி உட்கார்ந்தாள். அதற்கப்புறம் ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. அவர் மேப்பை விரித்தார், மடித்தார். அவள் குண்டூசிகளை எண்ணினாள்.

நல்ல வேளையாக மூன்று மணிக்குப் பல் டாக்டர் வந்தார். சோபாவின் ஒரு கால் ஆடுகிறது என்று சொல்ல வந்தவர், வாசல்கதவைத் திறந்துகொண்டு விடுவிடு என்று உள்ளே நடந்தார்.

"சார், சார்! முன்கண்ணாடியை உடைச்சுக்கிட்டு வந்துட்டீங்க!" என்று ரொட்டிக்காரர் கத்தினார்.

பல் டாக்டர் பயந்து பக்கவாட்டில் ஒதுங்கினார்.

"இப்போ டாய்லெட்டுக்குள்ள நிக்கிறீங்க" என்றாள் மாஸ்டர்.

விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "சினிமாக்காரங்க உட்கார்ந்திருப்பாங்களே, அந்த கேரவன் மாதிரியா? ரொம்பக் குறுகலா இருக்கேம்மா. எங்க வீட்ல இந்த வழியில நானும் என் மாமியாரும் எதிரெதிரே வந்தோம்னா போலீஸ்தான் வரணும்." அவர் இருந்த பத்து நிமிஷமும் வண்டி கலகலவென்று இருந்தது. போனதும் மறுபடி அமைதி. ஏழு மணிக்கு ரொட்டிக்காரர் பேப்பர் கட்டிலில் மெத்தை போட்டுப் படுத்தார். படுத்த நிமிஷம் தூங்கிப்போனார். மாஸ்டர் மேஜைப் பேப்பரின் ஓரத்தில் உட்கார்ந்து தனியாகச் சூப் குடித்தாள். அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டே, வேண்டாம் என்று ஏஜென்சிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தாள்.

திங்கள் காலை எட்டு மணிக்கு அவள் கண் விழித்தபோது ரொட்டிக்காரர் குளித்து, தலைவாரி, டிரைவர் சீட் நாற்காலியில் மேப்போடு உட்கார்ந்திருந்தார்.

"எப்போ எழுந்தீங்க?"

"ஒண்ணரைக்கு. எல்லாம் ரெடி பண்ணிட்டேன். பதினெட்டு நாளுக்கும் பிளான்." முகமெல்லாம் பூரிப்பாக ஒரு தாளை நீட்டினார். "தினமும் மூணு மணிக்குக் கிளம்பிடறோம். ரோடு காலியா இருக்கும். பதினோரு மணிக்குள்ள அடுத்த ஊர். சாயங்காலம் ஏழு மணிக்குப் படுத்தா..."

"மூணு மணின்னா, விடியறதுக்கு முன்னாடி மூணா?"

"ஆமா. வேற எந்த மூணு?"

மாஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது. மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் இல்லை அவள். ஆனால் நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்துகொண்டு வந்தது.

"அப்போ மூணு மணியிலேருந்து நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி தூங்கறேன். ஏழு மணிக்கு நீங்க தூங்குங்க, நான் தனியா ஊர் சுத்திப் பாக்கறேன். நடுவுல சாப்பிடற நேரத்துக்குப் பாத்துக்கலாம். அங்க போயும் அதே முக்கால் மணி நேரம்தானா? அதுக்கு எதுக்குங்க வெளிநாடு? அது இங்கயே இருக்கே!"

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்து, விறுவிறுவென்று சமையல் மேடையை மிதித்துக்கொண்டு, கோட்டைத் தாண்டி பால்கனிக்குப் போய்விட்டார்.

"சுவர்! சுவர் வழியா போறீங்க!" என்று அவள் அவர் முதுகைப் பார்த்துக் கத்தினாள். அவர் திரும்பவில்லை.

அவ்வளவுதான், சாம்பிள் தோற்றுப்போயிற்று. இந்த மாதிரி சாம்பிள் ஃபேக்டரியில் வந்தால் அந்த ஆர்டரையே எடுக்க மாட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கோபத்திலும் கதவு வழியாகவே குனிந்து இறங்கி, பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினாள். வேண்டுமென்றே நிதானமாகக் கழுவினாள். ஏஜென்சி பத்து மணிக்குத் திறக்கும். திறந்ததும் போன் பண்ணி, வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பல் டாக்டரிடமிருந்து சோபாவை வாங்கிப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

திரும்பி வந்தபோது ஹாலில் யாரும் இல்லை. பேப்பர் ஃபிரிட்ஜின் மேல் ஒரு சீட்டு இருந்தது. அவளுடைய குண்டூசியாலேயே குத்தியிருந்தார்.

'மாஸ்டர், எட்டு அங்குலம் காணோம். நீ எடுத்தியா?'

அவள் இரண்டு தடவை படித்தாள். பால்கனியில் அவர் முதுகு தெரிந்தது. கையில் அவளுடைய இஞ்ச் டேப்.

"என்ன எட்டு அங்குலம்?"

"நடக்கிற வழி புத்தகத்துல ரெண்டு அடி. நீ போட்டிருக்கிறது பதினாறு அங்குலம்" என்றார் அவர், திரும்பாமலே. "மூணு தடவை அளந்துட்டேன்."

"நான் தப்பா வெட்ட மாட்டேன்."

"நான் எங்க தப்புன்னு சொன்னேன்? காணோம்னுதான் சொன்னேன்."

மாஸ்டர் டேப்பைப் பிடுங்கிக்கொண்டு முட்டி போட்டாள். வெளிக்கோடு சரி. சமையல் மேடை இருபத்துநாலு அங்குலம் இருக்க வேண்டும், இருபத்தெட்டு இருந்தது. குளியலறை முப்பத்தாறுக்குப் பதில் நாற்பது. ஓரங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு பேப்பரிலும் சுற்றிலும் இரண்டிரண்டு அங்குலம் கூடுதல். அளவு எடுத்து, கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் தள்ளி வெட்டியிருக்கிறாள். இருபத்திரண்டு வருஷமாகக் கை செய்கிற வேலையைக் கை தானாகச் செய்துவிட்டது.

"ஐயோ" என்றாள். "மடிப்புக்கு விட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"மடிச்சுத் தைக்கிறதுக்கு! பாவாடைக்கு விடற மாதிரி, டாய்லெட்டுக்கு மடிப்பு விட்டிருக்கேன்!"

ரொட்டிக்காரர் பால்கனிக் கதவில் சாய்ந்து நின்று அவளைப் பார்த்தார். முதலில் அவர் வயிறுதான் குலுங்கியது. அப்புறம் தோள். அப்புறம் இரண்டு பேருக்கும் அடக்க முடியவில்லை. அவள் சமையல் மேடை மேலேயே தொப்பென்று உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். நேரில், அவர் எதிரே, வாயைப் பொத்தாமல் அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷமோ ஆயிற்று.

"மாஸ்டர் வெட்டினதுல முதல் தப்பு" என்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஃபேக்டரியில சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன். ஆனா பாரு, உள்ளதைவிடச் சின்ன சந்துல ஒரு நாள் முழுக்க இருந்தோம். யாரும் யாரையும் கொல்லலையே."

அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. "இதை வாயால சொல்லியிருக்கலாமே. எதுக்குச் சீட்டு?"

அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு நடந்து, கதவு இருந்த இடத்துக்கு வந்து நின்றார். காற்றில் இரண்டு தட்டு தட்டினார்.

"திறந்துதான் இருக்கு" என்றாள்.

குனிந்து உள்ளே வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். அவருடைய பெரிய காது இரண்டும் சிவந்திருந்தன.

"எழுதினா, பிடிக்கலன்னா அடிச்சுட்டு வேற எழுதலாம்" என்றார். "உனக்கு வைக்கிற சீட்டு ஒவ்வொண்ணுக்கும் நாலு தாளைக் கிழிச்சுப் போடறேன், தெரியுமா? அந்த வாளிச் சீட்டு ஆறாவதா எழுதினது. நேர்ல பேசினா மொதல்ல வர்றது மட்டும்தான் வரும். அது உனக்குச் சப்புனு இருக்கும்னு பயம். அதான் மூணு மணிக்குக் கிளம்பலாம்னு... நீ தூங்கிட்டிருப்பே. நான் ஓட்டிட்டிருப்பேன். பேச வேண்டியதில்ல."

இந்த மனுஷனும் அதே பயத்தை வைத்துக்கொண்டா மேப்பில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்? மனசு அப்படியே இளகிப்போயிற்று.

"நானும் அதே பயத்துலதான் இருந்தேன்" என்றாள். "நேத்து பன்னிரண்டேகாலுக்குப் பேச்சு நின்னதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"எனக்கும் ஒரு மாதிரி ஆச்சு. 'பாத்துப் போ'ன்னு வேற சொல்லித் தொலைச்சேன்."

"எங்க போறது? பேப்பர் கட்டிலுக்கா?"

மறுபடி சிரிப்பு. அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, மூன்று மணி என்று இருந்த இடத்தையெல்லாம் பென்சிலால் அடித்தார். "சொல்லு, எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?"

"ஒன்பது."

"ஒன்பதுன்னா எனக்குச் சாயங்காலம் மாதிரி. நாலு?"

"நாலு மணிக்கு எனக்குக் கண்ணே திறக்காது. எட்டு."

பேரம் பேசி ஆறரைக்கு வந்து நின்றார்கள். இரண்டு பேருக்குமே அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதனால் நியாயமான நேரம்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். இரவு ஒன்பது வரை விழித்திருப்பதாக அவர் சத்தியம் பண்ணினார். நடுவில் தூங்கி விழுந்தால் உலுக்கி எழுப்ப அவளுக்கு உரிமை உண்டு. அவள் மேடையையும் குளியலறையையும் கத்திரியால் சரி செய்தாள். சுற்றிலும் இரண்டு அங்குலப் பேப்பர் சுருள் சுருளாக விழுந்தது. இப்போது அவர் நேராக நடந்து போனார், நேராகவே திரும்பி வந்தார். தன் இடுப்புக்கு வண்டி மரியாதை கொடுத்துவிட்டது மாதிரி பெருமையாக இன்னொரு தடவையும் நடந்தார்.

மணியைப் பார்த்தபோது ஒன்றேகால். பன்னிரண்டேகால் எப்போது வந்தது, எப்போது போயிற்று என்று இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

மாஸ்டர் ஏஜென்சிக்குப் போன் போட்டாள். வண்டியைப் பதிவு செய்கிற பெண் எடுத்தாள்.

"நாங்க வர்றோம்மா. பதினெட்டு நாளும். உறுதி பண்ணிடுங்க."

"ரொம்ப சந்தோஷம் மேடம். வேற ஏதாவது தெரியணுமா?"

மாஸ்டர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். உண்மையான ஃபிரிட்ஜ் கதவில் பொன்வண்டு காந்தம், போன வாரச் சீட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் இடத்தில் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு. வண்டியில இருக்கிற ஃபிரிட்ஜ் கதவுல காந்தம் ஒட்டுமா?"

"இது வரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம். லைன்ல இருங்க, விசாரிச்சுச் சொல்றேன்." ஏதோ பாட்டு ஓடியது. ரொட்டிக்காரர் கிட்டே வந்து, போனில் காது வைத்துக்கொண்டு நின்றார். பாட்டு நின்றது.

"ஒட்டாதாம் மேடம். அது பலகைக் கதவாம். காந்தம் நிக்காதுன்னு சொல்றாங்க. உங்களுக்கு அது ரொம்ப முக்கியமா?"

மாஸ்டர் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"பரவாயில்லம்மா" என்றாள். "நாங்க பேசிக்கறோம்."